காரணம் இருந்தது, சரி, அதனால்தான் செய்தாரா?

ஒருவர் ஒரு கல்யாணத்துக்குப் போகிறார். போவதற்கு அவரிடம் இரண்டு காரணங்கள் இருக்கின்றன. பெண் வீட்டார் இவர் வீட்டு விசேஷத்தில் ஐயாயிரம் மொய் எழுதியவர்கள், நோட்டில் இருக்கிறது, திருப்பிச் செய்தாக வேண்டும். இன்னொன்று, இவருடைய டிரான்ஸ்ஃபர் ஃபைல் எந்த ஆபீஸில் நகராமல் கிடக்கிறதோ அங்கே பெண்ணின் சித்தப்பாவுக்குச் செல்வாக்கு உண்டு, பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்தால் இரண்டு வார்த்தை பேசலாம். போனார், மொய் எழுதினார், சித்தப்பாவோடும் பேசினார். ஏன் போனீர்கள் என்று கேட்டால், "மொய் பாக்கி இருக்கே, போகாம இருக்க முடியுமா?" என்கிறார். இது பொய்யில்லை. பாக்கி இருந்தது உண்மை, போவதற்கு அது போதுமான காரணம் என்பதும் உண்மை. ஆனாலும் அதைக் கேட்டு அவர் மனைவி சிரிக்கிறார்.

அந்தச் சிரிப்பில் ஒரு நியாயம் இருக்கிறது. ஒரு காரியத்தைச் செய்ய நம்மிடம் காரணம் இருக்கலாம், அந்தக் காரியத்தை நாம் செய்தும் இருக்கலாம். ஆனால் அந்தக் காரணத்துக்காகத்தான் செய்தோமா என்பது தனிக் கேள்வி, முதல் இரண்டும் உண்மை என்பதால் மூன்றாவதும் உண்மையாகிவிடாது. மனிதச் செயல் பற்றிய நவீன தத்துவ விவாதத்தில் பெரும்பகுதி இந்த மூன்றாவதைச் சுற்றியே நடக்கிறது. காரணம் செயலை "இயக்குகிறது" என்றால் சரியாக என்ன நடக்கிறது? அதைச் சொல்லும் உரிமை யாருக்கு, செய்தவருக்கா, பார்த்தவருக்கா, மூளையை ஸ்கேன் எடுப்பவருக்கா?

ஜெர்மன் தத்துவவாதி இமானுவேல் கான்ட் 1785இல் ஒரு மளிகைக் கடைக்காரரை உதாரணம் காட்டினார். விவரம் தெரியாத வாடிக்கையாளர் வந்தாலும், சின்னப் பிள்ளை வந்தாலும் ஒரே விலைதான் சொல்கிறார். நேர்மைக்காகவா, கடைக்குக் கெட்ட பெயர் வந்துவிடக் கூடாதே என்பதற்காகவா? வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுதான், பில் ஒன்றுதான். இதில் கான்ட் சொன்ன கசப்பான விஷயம், எவ்வளவு கறாராக நம்மை நாமே சோதித்துக்கொண்டாலும் கடமைக்காக மட்டுமே இதைச் செய்தேன் என்று முழு நிச்சயத்தோடு ஒரு செயலைக்கூட நம்மால் சுட்டிக்காட்ட முடியாது, அடியில் எங்கோ சுயநலம் ஒளிந்திருக்கலாம் என்பது.

ஆனால் காரணம் என்பதையே இரண்டாகப் பிரித்தவர் கான்ட்டுக்கு 2,000 ஆண்டுகளுக்கும் மேல் முந்தியவர். கி.மு. 399, ஏதென்ஸ் சிறை, சாக்ரடீஸ் விஷம் குடிக்க வேண்டிய நாள். பிளேட்டோ எழுதிய பீடோ உரையாடலில் அன்றைக்கும் மனிதர் தர்க்கம்தான் செய்துகொண்டிருக்கிறார். தான் ஏன் இங்கே உட்கார்ந்திருக்கிறேன் என்பதற்கு ஒருவர் இப்படி விளக்கம் சொன்னால் எப்படியிருக்கும் என்று கேட்கிறார்: உடம்பில் எலும்பு இருக்கிறது, மூட்டு இருக்கிறது, தசைநாண்கள் இழுத்தும் தளர்ந்தும் கொடுக்கின்றன, அதனால் காலை மடக்கி உட்கார முடிகிறது, ஆகவே உட்கார்ந்திருக்கிறார். இதில் ஒரு வார்த்தை தவறில்லை. ஆனால் தண்டனை கொடுப்பதே சரி என்று ஏதென்ஸ்காரர்கள் நினைத்தார்கள், ஓடிப் போவதைவிட தண்டனையை ஏற்பதே சரி என்று தானும் நினைத்தார், அதுதானே காரணம்? அந்த முடிவு மட்டும் இல்லையென்றால் இதே எலும்பும் நாணும் எப்போதோ பக்கத்துப் பகுதிகளான மெகாராவுக்கோ பியோஷியாவுக்கோ போய்ச் சேர்ந்திருக்கும் என்கிறார். எலும்பு இல்லாமல் உட்கார முடியாது, ஆனால் எலும்பினால் உட்காரவில்லை. இன்றைக்கு எலும்பு இருந்த இடத்தில் டோபமைன் என்ற மூளை வேதிப்பொருள் வந்திருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். "டோபமைன்தான் உன்னை ரீல்ஸ் பார்க்க வைக்கிறது" என்பது சாக்ரடீஸ் கிண்டலடித்த அதே வகை விளக்கம்தான். முழுக்கத் தவறென்று சொல்லவில்லை, கேட்ட கேள்விக்கு அது பதிலில்லை.

இருபதாம் நூற்றாண்டில் இதைத் திரும்பக் கிளறிவிட்டவர் தத்துவவாதி லுட்விக் விட்கென்ஸ்டைன். அவர் இறந்தபின் 1953இல் வெளிவந்த நூலில் ஒரு கேள்வி கேட்கிறார்: நான் கையைத் தூக்குகிறேன் என்பதிலிருந்து கை மேலே போகிறது என்பதைக் கழித்தால் என்ன மிச்சம்? கூடவே ஏதோ ஒரு மன முயற்சி என்று சட்டெனப் பதில் சொல்லத் தோன்றும். ஆனால் காப்பி டம்ளரை எடுக்கும்போது அப்படித் தனியாக ஒரு முயற்சியை யாரும் கண்டதாகத் தெரியவில்லை.

அந்த நூலை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர் அவருடைய மாணவி எலிசபெத் ஆன்ஸ்கோம். அவரிடம் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும், ஏனென்றால் செயல் பற்றிய இந்தத் தத்துவத் துறையே ஒருவகையில் ஒரு சண்டையிலிருந்து பிறந்தது. 1956இல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகம் முன்னாள் அமெரிக்க அதிபர் ட்ரூமனுக்கு கௌரவப் பட்டம் கொடுக்க முடிவு செய்தது. ஹிரோஷிமா, நாகசாகிமீது அணுகுண்டு போட உத்தரவிட்டவருக்குப் பட்டமா என்று ஆன்ஸ்கோம் சபையில் எழுந்து எதிர்த்தார், ஆதரவு அநேகமாக இல்லை. ட்ரூமன் போரை முடிக்கத்தானே நினைத்தார், மக்களைக் கொல்ல நினைக்கவில்லையே என்பது எதிர்த்தரப்பு நியாயம். இதற்கு ஆன்ஸ்கோமின் பதில் தெளிவானது. ஊரை அழிப்பதை வழியாக வைத்துத்தான் போரை முடிக்கிறீர்கள் என்றால், அந்த அழிவை நீங்கள் நினைக்கவில்லை என்று சொல்ல இடமில்லை. முடிவுக்காக எடுத்த வழியும் உங்கள் நோக்கத்துக்குள் அடங்கியதுதான்.

இதற்கு அடுத்த வருடம், 1957இல், நோக்கம் என்றால் என்ன என்பது பற்றி ஒரு சின்ன நூல் வெளியிட்டார். நூறு பக்கத்துக்குக் கொஞ்சம் குறைவு, ஆனால் படித்து முடிக்க மாதக்கணக்கில் ஆகும், அவ்வளவு இறுக்கம். அதில் வரும் உதாரணம் பிரபலம். ஒருவன் கைப்பம்பு அடித்து ஒரு வீட்டுத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றுகிறான். தண்ணீர் வரும் இடத்தில் யாரோ விஷம் கலந்துவிட்டார்கள். வீட்டில் இருப்பவர்கள் யூதர்களைக் கொன்று குவித்துக்கொண்டிருக்கும் ஒரு கட்சியின் தலைவர்களும் அவர்கள் குடும்பமும். இப்போது பம்பு அடிப்பவன் என்ன செய்துகொண்டிருக்கிறான்? கையை மேலும் கீழும் ஆட்டுகிறான், பம்பு அடிக்கிறான், தொட்டியை நிரப்புகிறான், வீட்டாருக்கு விஷம் வைக்கிறான். நான்கும் ஒரே செயல், நான்கு விவரணைகள். கூடவே தோட்டத்துப் பாறைகள்மேல் நிழல் விழுகிறது, பம்பு தாளம்போல் சத்தம் போடுகிறது, அதையும் அவன்தான் உண்டாக்குகிறான். இதில் எது எது வேண்டுமென்று செய்தது?

ஏன் என்று கேட்டுப் பாருங்கள் என்கிறார். ஏன் கையை ஆட்டுகிறாய்? பம்பு அடிக்க. ஏன் பம்பு அடிக்கிறாய்? தொட்டியை நிரப்ப. ஏன் நிரப்புகிறாய்? அவர்களைத் தீர்த்துக்கட்ட. பதில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக்கொண்டே போகிறது, ஒவ்வொரு படியும் அடுத்த படிக்கு வழி. ஏன் இப்படித் தாளம் போடுகிறாய் என்று கேட்டால், அட, அப்படியா சத்தம் வருகிறது, நான் கவனிக்கவே இல்லையே என்பான், அங்கே அந்தக் கேள்வி செல்லாது. ஆக நோக்கம் என்பது தலைக்குள் ஓடும் ஒரு தனி நிகழ்ச்சி இல்லை, செயலுக்குள்ளேயே இருக்கும் ஒரு வரிசை. இங்கே ஆன்ஸ்கோம் இன்னொரு போலித்தனத்தையும் உடைத்தார். விஷம் இருப்பது நன்றாகத் தெரிந்தும் "நான் என் கூலிக்கு வேலை பார்க்கிறேன், மற்றது எனக்குச் சம்பந்தமில்லை" என்று மனசுக்குள் ஒரு வசனம் பேசிவிட்டால் நோக்கம் மாறிவிடும் என்பதைச் சுத்த அபத்தம் என்று எழுதினார். கூலிக்காரன் வழக்கமாகச் செய்யாத ஒன்றை, விஷம் வைப்பவன் மட்டுமே செய்யக்கூடிய ஒன்றை அவன் செய்திருக்கிறானா என்று பார்க்க வேண்டும்.

சரி, இது செயல் எப்படி அடுக்கியிருக்கிறது என்பதைக் காட்டுகிறது. நம் கல்யாண ஆசாமிக்கு இது போதுமா? போதாது. மொய்க்காகப் போனார் என்றும் அடுக்கலாம், சித்தப்பாவுக்காகப் போனார் என்றும் அடுக்கலாம், இரண்டும் அழகாகப் பொருந்தும்.

இந்த இடத்தில்தான் அமெரிக்கத் தத்துவவாதி டொனால்ட் டேவிட்சன் வருகிறார். 1963 வரை, விட்கென்ஸ்டைன் வழியில் வந்தவர்கள் பலர் மனிதர் சொல்லும் காரணம் வேறு, இயற்கையில் நடக்கும் காரண காரியம் வேறு, இரண்டையும் குழப்பாதே என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். பந்து பட்டதால் கண்ணாடி உடைந்தது என்பதில் வரும் "ஆல்" வேறு, பசித்ததால் சாப்பிட்டேன் என்பதில் வருவது வேறு, பின்னது செயலைப் புரியும்படி ஆக்குகிறது, அவ்வளவே. அந்த வருடம் வெளியான கட்டுரையில் டேவிட்சன் கேட்டது மேலே அந்த மனைவி கேட்காமல் கேட்ட அதே கேள்வி. ஒருவரிடம் இரண்டு காரணங்கள் இருந்து, இரண்டுமே செயலைப் புரியும்படி ஆக்கி, ஆனால் ஒன்றுக்காக மட்டுமே அவர் செய்தார் என்றால், அந்த ஒன்றுக்கும் மற்றதற்கும் என்ன வித்தியாசம்? அந்த ஒன்றுதான் செயலை உண்டாக்கியது, மற்றது சும்மா கூட இருந்தது என்பதைத் தவிர வேறு என்ன சொல்ல முடியும்? ஆகவே ஆசையும் அதை நிறைவேற்றும் வழி பற்றிய நம்பிக்கையும் சேர்ந்த ஜோடிதான் காரணம், அது செயலை உண்மையிலேயே விளைவிக்கிறது.

காரண காரியம் என்றால் விதி வேண்டுமே, "ஆசைப்படுகிறவர் எல்லாரும் இன்னதைச் செய்வார்" என்று எந்த விதியும் இல்லையே என்று ஆட்சேபணை வந்தது. டேவிட்சனின் பதில் எனக்கு மிகவும் பிடித்தது. செவ்வாய்க்கிழமைப் பேப்பரில் 5ஆம் பக்கத்தில் வந்த ஒரு புயல், புதன்கிழமை வேறொரு பேப்பரில் 13ஆம் பக்கத்தில் வந்த ஒரு பேரழிவுக்குக் காரணம் என்று வையுங்கள். 5ஆம் பக்கச் செய்திகள் 13ஆம் பக்கச் செய்திகளை உண்டாக்கும் என்று எந்த விதியும் கிடையாது. அதற்காகப் புயல் அழிவுக்குக் காரணமில்லை என்று ஆகுமா? விதி வானிலையின் மொழியில் இருக்கும், பக்க எண்ணின் மொழியில் இருக்காது. அதேபோல ஆசை, நம்பிக்கை என்ற மொழியில் விதி இல்லாமல் போனாலும், அதே நிகழ்வுகளை வேறு மொழியில் விவரித்தால் அங்கே விதி இருக்கலாம்.

ஆசை, வழி பற்றிய அறிவு என்ற இந்த ஜோடி இந்தியத் தத்துவம் படித்தவர்களுக்குப் புதிதில்லை. நோக்கமில்லாமல் மூடன்கூட ஒரு காரியத்தில் இறங்க மாட்டான் என்பது வேத விதிகளின் பொருளை ஆராயும் மீமாம்சை மரபைச் சேர்ந்த 7ஆம் நூற்றாண்டுக் குமாரிலரின் புகழ்பெற்ற வரி. வேதம் யாகம் செய் என்கிறது, கேட்டவன் ஏன் எழுந்து போய்ச் செய்கிறான்? விரும்பியதை அடைய இது வழி என்று அறிவதால் என்றார் அதே மரபின் மண்டன மிசிரர். அந்த மரபின் இன்னொரு பிரிவான பிரபாகரர் பக்கத்தினர் ஒத்துக்கொள்ளவில்லை. இது என்னால் செய்யப்பட வேண்டியது என்ற அறிவு ஒன்றே ஆளை எழுப்பிவிடும், பலன் இரண்டாம்பட்சம் என்றார்கள். கான்ட்டின் கடைக்காரரை இவர்கள் நடுவில் உட்காரவைத்தால் நன்றாகப் பொழுது போகும்.

டேவிட்சனிடம் திரும்புவோம். தன் கொள்கைக்குத் தானே ஒரு வேட்டு வைத்தார் மனிதர். 1973இல் எழுதிய கட்டுரையில் ஒரு மலையேறி வருகிறார். கயிற்றில் இன்னொருவனைத் தாங்கிக்கொண்டு தொங்குகிறார், பாரமும் ஆபத்தும் தாங்க முடியவில்லை. பிடியைத் தளர்த்தினால் இரண்டும் தீரும் என்று மனதில் ஓடுகிறது. அப்படி ஓர் எண்ணம் வந்ததிலேயே ஆள் வெலவெலத்துப் போய்க் கை தளர்ந்துவிடுகிறது. ஆசை இருந்தது, வழி பற்றிய நம்பிக்கை இருந்தது, அவை இரண்டும்தான் கை தளர்ந்ததற்குக் காரணமும்கூட. ஆனால் அவர் கயிற்றை விடவில்லை, கயிறு போய்விட்டது. ஆக, காரணம் செயலை விளைவித்தால் மட்டும் போதாது, "சரியான விதத்தில்" விளைவிக்க வேண்டும். அந்தச் சரியான விதம் எது என்று விளக்க முடியும் என்ற நம்பிக்கையை இழந்துவிட்டதாக அதே கட்டுரையில் வெளிப்படையாக ஒப்புக்கொண்டார்.

இதற்கிடையில் உளவியல்காரர்கள் வேறு பக்கத்திலிருந்து இடித்தார்கள். லிபெட் பரிசோதனையை எல்லாரும் சொல்வார்கள், நானும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு நகர்கிறேன். 1983இல் மூளை ஆய்வாளர் பெஞ்சமின் லிபெட், மணிக்கட்டை எப்போது தோன்றுகிறதோ அப்போது அசைக்கச் சொன்னார். அசைவுக்கு அரை விநாடி முன்பே மூளையில் தயாரிப்பு தெரிந்தது, அசைக்க வேண்டும் என்ற எண்ணம் வந்ததாக ஆட்கள் சொன்னதோ சுமார் 0.2 விநாடி முன்புதான். சுதந்திர சித்தமே, அதாவது நாமாக முடிவெடுக்கும் சக்தியே, போச்சு என்று கூப்பாடு. ஆனால் எந்தக் காரணமும் இல்லாமல், தோன்றியபடி அசை என்று கேட்டு வாங்கிய ஒரு அசைவிலிருந்து, காரணத்தோடு செய்யும் செயல்களைப் பற்றி எவ்வளவுதான் தெரிந்துகொள்ள முடியும்? வேலையை விடுவதா வேண்டாமா என்று ஆறு மாதம் யோசிப்பவரின் கதை மணிக்கட்டில் இல்லை.

உண்மையில் கவலைப்படவேண்டியது 1977இல் நிஸ்பெட்டும் வில்சனும் வெளியிட்ட கட்டுரைக்குத்தான். கடையில் நான்கு ஜோடி நைலான் காலுறைகளை வரிசையாக வைத்து, எது தரமானது என்று வருகிறவர்களிடம் கேட்டார்கள். நான்கும் அச்சு அசல் ஒன்றேதான். ஆனால் வலது கோடியில் இருந்ததை, இடது கோடியில் இருந்ததைவிட ஏறக்குறைய நான்கு மடங்குப் பேர் தேர்ந்தெடுத்தார்கள். ஏன் என்றால் நெசவு நன்றாக இருக்கிறது, மெல்லிசாக இருக்கிறது என்றார்கள். இடம் காரணமாக இருக்குமோ என்று கேட்டபோது, கேட்டவரை ஒரு மாதிரிப் பார்த்தார்கள். 2005இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். இரண்டு முகப் படங்களைக் காட்டி, பிடித்ததைத் தேர்ந்தெடுக்கச் சொல்லி, கைவித்தை காட்டித் தேர்ந்தெடுக்காத படத்தைக் கையில் கொடுத்து, ஏன் இதை எடுத்தீர்கள் என்று கேட்டார்கள். பெரும்பாலோருக்கு மாறியதே தெரியவில்லை. ஒருவர் தோடு பிடிக்கும் என்றார், அவர் முதலில் எடுத்த முகத்தில் தோடே இல்லை.

இதைப் பார்த்து, மனிதர் சொல்லும் காரணமெல்லாம் பிற்பாடு கட்டிய கதை என்று முடிவுகட்டுகிறவர்கள் உண்டு. எனக்கு அது அவசரமாகப் படுகிறது. அந்தக் காலுறைக் கடைக்கு ஏன் வந்தீர்கள் என்று கேட்டிருந்தால் சோப்பு வாங்க வந்தேன் என்று பதில் வந்திருக்கும், அதில் கட்டுக்கதை இல்லை. வித்தியாசமே இல்லாத இரண்டில் இதை ஏன் எடுத்தாய் என்று கேட்டால், உண்மையான பதில் "சும்மாதான்". அதை ஓர் ஆராய்ச்சியாளர் முகத்துக்கு நேரே சொல்லக் கூச்சம், ஆகவே நல்ல காரணமாக ஒன்றை எடுத்து வைக்கிறோம். அந்தப் பரிசோதனைகளுக்குப் பிறகு ஒன்றை ஏற்றாக வேண்டும். செய்தவர் வாக்குமூலம் ஒரு சாட்சியம், அதுவே தீர்ப்பில்லை.

அப்படியானால் எதைப் பார்ப்பது? செயல் போகிற போக்கைப் பார்க்கலாம். 1978இல் ஹாரி ஃபிராங்க்ஃபர்ட் இந்தத் திசையில் ஒரு கட்டுரை எழுதினார். செயலுக்கு முன்னால் என்ன இருந்தது என்று தேடுவதைவிட, செயல் நடந்துகொண்டிருக்கும்போது அதை ஆள் நடத்திச் செல்கிறாரா என்று பாருங்கள் என்பது அதன் சாரம். மலையேறியின் கையுறையில் கயிறு சிக்கிக்கொண்டது என்று வைத்துக்கொள்வோம். வேண்டுமென்று விடுகிறவர் கையை உதறிச் சிக்கலை எடுப்பார். வெலவெலத்துப் போனவர் சிக்கியதோடு நிற்பார், பெருமூச்சுகூட விடுவார். காரணம் உண்மையிலேயே செயலை நடத்துகிறது என்றால், தடங்கல் வரும்போது செயல் அந்தக் காரணத்தின் பக்கம் திரும்பும்.

கல்யாண வீட்டில் இது இன்னும் சுலபம். மொய்க்காக மட்டும் என்றால் தெரிந்தவரிடம் கவரைக் கொடுத்தனுப்பியிருக்கலாம், இப்போது ஜிபேகூட இருக்கிறது. அங்கே போன பிறகு சித்தப்பா முதல் பந்தியில் உட்காரவில்லை என்று தெரிந்ததும் இவரும் "எனக்குப் பசிக்கலை, அடுத்த பந்தியில பார்த்துக்கலாம்" என்று வெளியே வந்து நின்றிருந்தால், மனைவிக்கு அதற்குமேல் எந்த ஆதாரமும் தேவையில்லை. கணவரின் மனதுக்குள் அவர் எட்டிப் பார்க்கவில்லை, பந்தி மாறியதைப் பார்த்தார். கான்ட் சொன்ன நிச்சயம் இதில் கிடைக்காது, மொய்யும் கொஞ்சம் இழுத்திருக்கலாம், டிரான்ஸ்ஃபரும் கொஞ்சம் இழுத்திருக்கலாம், எவ்வளவு எவ்வளவு என்று தராசில் நிறுக்க முடியாது. ஆனால் எதுவுமே தெரியாது என்ற நிலையும் இல்லை.

நீதிமன்றங்கள் தத்துவக்காரர்கள் முடிவு சொல்லும்வரை காத்திருக்க முடியாது. நேரில் பார்த்த நம்பகமான சாட்சி இருந்தால் மோட்டிவ், அதாவது செய்யத் தூண்டியது எது என்பது, நிரூபணமாகாவிட்டாலும் கொலை கொலைதான் என்பது நம் சட்டத்தில் நிலைபெற்ற ஒன்று, சூழ்நிலைச் சாட்சியங்களை மட்டும் நம்பும் வழக்கில்தான் அதற்குக் கனம் கூடுகிறது. மோட்டிவ் வேறு, நோக்கம் வேறு என்பதற்கு அடிக்கடி மேற்கோள் காட்டப்படும் தீர்ப்பு, ஆன்ஸ்கோம் ட்ரூமனை எதிர்த்த அதே 1956இல், பெப்சு (பாட்டியாலா, கிழக்குப் பஞ்சாப் சமஸ்தானங்கள் சேர்ந்த அன்றைய மாநிலம்) மாநிலத்திலிருந்து உச்ச நீதிமன்றத்துக்கு வந்த மேல்முறையீட்டில் நீதிபதி சந்திரசேகர ஐயர் எழுதியது. அதுவும் ஒரு கல்யாண வீடுதான். குடித்திருந்த ஓய்வுபெற்ற ராணுவக்காரர் ஒருவர், சாப்பாட்டுக்கு உட்காரும் இடத்தில் கொஞ்சம் நகர்ந்துகொள் என்று 15, 16 வயதுப் பையனிடம் சொல்லியிருக்கிறார். அவன் நகரவில்லை. கைத்துப்பாக்கியை எடுத்து வயிற்றில் சுட்டுவிட்டார், பையன் இறந்துபோனான். இவ்வளவு குடித்திருந்தவருக்குக் கொல்லும் நோக்கம் இருந்தது என்று எப்படிச் சொல்வது என்பதுதான் கேள்வி.

மோட்டிவ் என்பது ஒருவரை ஒரு நோக்கம் கொள்ளத் தூண்டுவது, அறிவு என்பது செயலின் விளைவை உணர்ந்திருப்பது, நோக்கம் இவற்றிலிருந்து வேறு என்று தீர்ப்பு முதலில் பிரித்துக்கொள்கிறது. பிறகு அவர் தலைக்குள் என்ன ஓடியது என்று தேடாமல் நடந்ததை வரிசையாக எடுத்து வைக்கிறது. அவ்வப்போது தள்ளாடினார், பேச்சு குழறியது, ஆனால் தானாகவே அந்த வீட்டுக்கு நடந்து வந்தார். தனக்கென்று ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்தார், அதற்காகவே பையனை நகரச் சொன்னார். சுட்டபின் தப்பியோடப் பார்த்தார், கொஞ்ச தூரத்தில் பிடித்தார்கள். பிடித்ததும், தன்னால் இப்படி நடந்துவிட்டது, மன்னித்துவிடுங்கள் என்று அங்கிருந்தவர்களிடம் கேட்டுக்கொண்டார். அந்த மன்னிப்பையும் நீதிமன்றம், என்ன செய்தோம் என்று அவருக்குத் தெரிந்திருந்ததற்கான அடையாளமாகவே எடுத்துக்கொண்டது. மேல்முறையீடு தள்ளுபடியானது.